ஆங்கிலம் அறிவோம்: பெயர்ச்சொல்லில் எங்கே வழுக்குகிறோம்?

இந்த மாதம் பெயர்ச்சொல். "அட, இது ரெண்டாம் ஆண்டுப் பாடமாச்சே!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எஸ்.பி.எம். முடித்து வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களும் தடுமாறும் இடம் இதுதான். கடிதத்தின் முதல் பத்தியிலேயே 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று இருந்தால், படிப்பவர் உங்கள் தகுதியைப் பார்ப்பதற்கு முன்பே முகம் சுளித்துவிடுவார்.

தமிழில் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் படித்திருப்போம். ஆங்கிலத்தில் கணக்கு வேறு. 'டெம்பிள்' என்றால் ஏதோ ஒரு கோயில். அது பொதுப்பெயர், காமன் நவுன். 'பத்து கேவ்ஸ்' என்றால் 272 படி ஏறுகிறோமே, அந்த ஓர் இடம்தான்; அது சிறப்புப்பெயர், புரோப்பர் நவுன். சிறப்புப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். நம் எழுத்தில் பெரிசு சின்னது என்ற பேச்சே கிடையாது, அதனால் மறந்துபோகிறது. தைப்பூசம், தீபாவளி, திங்கட்கிழமை, ஜூன், தமிழ், இந்து எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துதான். 'டெம்பிள்' தனியாக வந்தால் சின்ன 'டி'. கோலாலம்பூரில் 1873இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் முழுப்பெயரோடு வந்தால் பெரிய 'டி'.

மாமாக் கடையில் 'மேகி கோரெங்' கேட்கிறோம் இல்லையா? அங்கே ஒரு நிறுவனத்தின் பெயரே நூடல்ஸுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. பேச்சுக்குச் சரி. கட்டுரையில் 'இன்ஸ்டன்ட் நூடல்ஸ்' என்றே எழுதுங்கள்.

'டீம்', 'கமிட்டி', 'க்ரவுட்' போன்றவை கூட்டுப்பெயர். இதில் 'ஸ்டாஃப்' என்ற சொல் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறது. ஓர் ஊழியரை 'எ ஸ்டாஃப்' என்று சொல்லக்கூடாது, 'எ ஸ்டாஃப் மெம்பர்' என்று சொல்ல வேண்டும். 'கரேஜ்', 'டிவோஷன்', 'ஃபிரண்ட்ஷிப்' எல்லாம் தொட்டுப் பார்க்க முடியாத பண்புப்பெயர்கள். இவற்றில் பலவற்றை 'நெஸ்', 'ஷிப்', 'ஹூட்' என்ற வாலை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இனிதான் உண்மையான தலைவலி. தமிழில் 'பத்து மாடு வந்தது' என்றாலும் சரி, 'பத்து மாடுகள் வந்தன' என்றாலும் சரி. மாடு போன்ற சொல்லை நம் இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. மலாயிலும் 'துவா புவா புக்கு' என்றால் போதும், 'புக்கு' மாறாது. இரண்டு மொழியும் நமக்கு விட்டுக்கொடுக்கிறது, ஆங்கிலம் விடாது. அதனால் பயந்துபோய், கண்ட இடத்தில் எல்லாம் 'எஸ்' ஒட்டிவிடுகிறோம்: 'ஃபர்னிச்சர்ஸ்', 'ஹோம்வொர்க்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'அட்வைசஸ்'. நான்கும் தப்பு. கடைப் பலகையில் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள், பலகை எழுதியவர் உங்கள் தேர்வுத்தாளைத் திருத்தப் போவதில்லை.

நாற்காலியை எண்ணலாமே, 'ஃபர்னிச்சர்' மட்டும் ஏன் எண்ண முடியாது? நல்ல கேள்வி. 'சேர்' ஒரு பொருளின் பெயர். 'ஃபர்னிச்சர்' நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக் கட்டிய பெயர். அரிசியை 'ஒரு கிண்ணம் அரிசி' என்று அளந்து சொல்கிறோமே, அதே மாதிரி 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சொல்லிப் பழகுங்கள்.

சில சொற்கள் ரெண்டு பக்கமும் ஆடும். 'அயர்ன்' என்றால் இரும்பு, எண்ண முடியாது. 'ஆன் அயர்ன்' என்றால் சட்டை தேய்க்கும் பெட்டி, எண்ணலாம். 'பேப்பர்' வெறும் காகிதம். 'எ பேப்பர்' நாளிதழாகவோ தேர்வுத்தாளாகவோ இருக்கலாம்.

இப்போது உங்கள் முறை. 'ஆன் சாட்டர்டே அவர் டீம் கேரிட் தி ஃபர்னிச்சர் டு தி டெம்பிள் ஹால் வித் கிரேட் ஜாய்.' இதில் ஆறு பெயர்ச்சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றும் எந்த வகை என்று எழுதுங்கள். அடுத்தது, 'டூ ஸ்டாஃப்ஸ் கேவ் அஸ் மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்பதைத் திருத்துங்கள். இதில் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். விடைகள் அடுத்த இதழில்.