எழுத்தை மூடிவிட்டுப் பாருங்கள்

"படம் பார்ப்பது வாசிப்பல்ல" என்று சொல்லி, சிறு பிள்ளைகளுக்கும் எழுத்து நிறைந்த நூல்களையே பெற்றோர் பலர் வாங்குகின்றனர். எழுத்துக் கூட்டவே சிரமப்படும் பிள்ளை அதனால் நூலையே வெறுத்துவிடும். தரம் 2இல் கற்கும் என் தங்கை அப்படித்தான் இருந்தாள்.

வாங்குமுன் எழுத்துகளைக் கையால் மூடிக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை நகர்கிறதா? 1956இல் வெளிவந்த சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா' நகரும். கிராமத்துக் கிரி மாமா நகரத்தில் வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகக் களவு போகின்றன. கடைசியில் குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே தேடிப் போகிறார். திருடன் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. சிங்களம் வாசிக்கத் தெரியாத தங்கை, படங்களைக் கொண்டே முழுக் கதையையும் எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் சொன்னதை நான் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். அதை அவளே வாசித்தாள்.

சித்திரக்கதை என்றால் வசனக் குமிழ்களின் ஒழுங்கைக் கவனியுங்கள். எதை முதலில் வாசிப்பது என்று நாமே தடுமாறினால் சிறுவருக்கு அது ஆகாது. ஜப்பானிய மங்கா வலமிருந்து இடமாகச் செல்லும். குர்ஆன் ஓதும் நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. ஆனால் மங்காவில் பெரியவர்களுக்கானவையும் உண்டு. பின்னட்டையில் வயது குறித்திருந்தாலும், உம்மாவோ வாப்பாவோ ஒருமுறை முழுவதும் புரட்டிவிட்டே கொடுங்கள்.