பதினெட்டாம் ஆளின் மதிப்பு

ஆயர் குரோ,
மலாக்கா

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மலேசிய ஹாக்கி லீக்கில் ஆடும் ஓர் அணிக்கு நம் வீட்டுப் பிள்ளை ஆட்டக்காரர் பட்டியல் எழுதுகிறான் என்பதில் எனக்குள்ள பெருமையை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள். பதினைந்து பேரில் குழப்பமில்லை, கடைசி மூன்று இடத்தை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அந்த இடங்களுக்காகத் தூக்கம் கெடுகிறவன்தான் அணியைக் கட்டத் தெரிந்தவன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார். பதினெட்டுப் பேரில் கோல் காவலர் இருவரைக் கழித்தால் பதினாறு. திடலில் ஒரே நேரத்தில் பத்துப் பேர், அறுபது நிமிடம்; ஆக மொத்தம் 600 நிமிடம். உன்னுடைய ஆறு பெரிய ஆட்டக்காரர்களும் ஆளுக்கு 48 நிமிடம் ஓடினாலும் 288 தான் ஆகிறது. மீதி 312 நிமிடத்தைப் பத்துப் பேர் சுமக்க வேண்டும். ஆளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 'பெஞ்சில் உட்காரத்தானே' என்று நீ நினைத்து எடுக்கும் ஆள் ஆட்டத்தில் பாதியைத் திடலில் கழிக்கப்போகிறான். நம் ஊர் வெக்கை உனக்குத் தெரியும். புக்கிட் செரிண்டிட் திடலில் மாலை வெயில் மேலே அடிக்க, தண்ணீர் தெளித்த செயற்கைத் தரை கீழேயிருந்து ஆவி விட, எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் ஏழெட்டு நிமிடத்தில் கால் கனக்கும். இளைப்பாற வெளியே வந்தே ஆக வேண்டும். அவன் வெளியே நிற்கும் அந்த நேரத்தில் உன் அணி எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தை நீயும் பார்த்திருப்பாய். முன்னிலையில் இருந்த நாம் கடைசி நிமிடங்களில் ஜப்பானிடம் 6-6 என்று பிடிபட்டு, ஷூட்-அவுட்டில் 1-3 என்று தோற்றோம். தங்கத்தோடு தோக்கியோ ஒலிம்பிக்குக்கான நேரடி வாய்ப்பும் போனது. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம்; இடைவேளையில் 3-1 என்று இந்தியாவை முந்தியிருந்தோம், முடிவில் 3-4. இரண்டு தோல்விக்கும் பல காரணங்கள் உண்டு, பெஞ்ச் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். ஆனால் முன்பாதியில் சேர்த்ததைப் பின்பாதியில் காப்பாற்றுவது பதினோரு பேரால் ஆகிற வேலை இல்லை.

அந்தக் காலத்தில் கணக்கு வேறு. வெளியே போனவர் திரும்ப வர முடியாது. மாற்று ஆளை இறக்குவது யோசித்து யோசித்துச் செய்கிற காரியம். 1975 உலகக் கோப்பை கோலாலம்பூரில் நடந்தபோது அரையிறுதியில் ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான நம் அணி, ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடமே இருக்கும்போது 2-1 என்று இந்தியாவை முந்தி நின்றது. இந்தியா பெஞ்சிலிருந்து அஸ்லாம் ஷேர் கானை இறக்கியது. போட்டித் தொடரில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர். வந்தார், பெனால்டி கார்னரை அடித்தார், சமன். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் ஒரு கோல் போட, நம் இறுதியாட்டக் கனவு அங்கேயே முடிந்தது. நாம் நான்காம் இடம். இந்தியா கோப்பையோடு போனது. அந்தத் தோல்வியைத் தோட்டத்தில் பெரியவர்கள் வெகுநாள் பேசினார்கள். நடுவரைக் குறை சொன்னவர்கள் உண்டு, மழையைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்குப் பட்டது ஒன்றுதான்: உட்கார்ந்திருந்த ஆள் கை ஆறாமல், மனம் சோராமல் தயாராக இருந்தார்.

இன்னோர் ஆளையும் சொல்கிறேன். தோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியா எடுத்த பதினாறு பேரில் சிம்ரன்ஜித் சிங் கிடையாது. கூடுதல் ஆளாகப் போனவர். கோவிட் காரணமாக விதி தளர்ந்து, கூடுதல் ஆட்களையும் ஆட்டத்துக்கு எடுக்கலாம் என்றானது. 2021 ஆகஸ்ட் 5, வெண்கலத்துக்கான ஆட்டம். ஜெர்மனி 3-1 என்று முந்திய ஆட்டத்தை இந்தியா 5-4 என்று வென்றது. அதில் சிம்ரன்ஜித்தின் கோல் இரண்டு. இந்திய ஆண்கள் அணிக்கு 41 ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம்.

இதைப் படித்துவிட்டு, பெஞ்சில் உட்காருகிறவன் எல்லாம் ஒருநாள் இரண்டு கோல் போடுவான் என்று எண்ணிவிடாதே தம்பி. சிம்ரன்ஜித் திடீரென்று முளைத்தவர் அல்லர். 2016இல் லக்னோவில் இளையோர் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அஸ்லாமின் தந்தை அகமது ஷேர் கான் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். மகன் ஹாக்கியைப் பார்த்தே வளர்ந்தவர். இரண்டு பேரும் தங்கள் வேலையை ஏற்கெனவே கற்று முடித்தவர்கள். அழைப்புதான் தாமதமாக வந்தது.

எனவே கடைசி மூன்று ஆட்களை எண்ணும்போது கோல் பட்டியலை மூடி வை. நீ நேரில் பார்க்க வேண்டியவை வேறு. அவன் திடலில் நின்ற நிமிடங்களில் எதிரணி எத்தனை முறை நம் வட்டத்துக்குள் வந்தது? நாம் எத்தனை முறை உள்ளே போனோம்? பந்தை இழந்தவுடன் திரும்பி ஓடினானா, கையைத் தூக்கிக்கொண்டு நின்றானா? ஒரு சின்னப் பையனை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் போதும், நான்கைந்து ஆட்டத்தில் உண்மை தெரிந்துவிடும்.

பெனால்டி கார்னர்தான் இதில் பெரிய விஷயம். கார்னர் கொடுத்த பிறகு அது முடியும்வரை ஆளை மாற்ற முடியாது. அடிபட்ட அல்லது தண்டனை பெற்ற கோல் காவலருக்கு மட்டும்தான் விலக்கு. அந்த நொடியில் யார் திடலில் நிற்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். பந்து பின்கோட்டிலிருந்து புறப்பட்டதும் டிராக் ஃபிளிக் அடிப்பவனை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுகிறானே, அந்த வேலைக்கு நெஞ்சுரம் வேண்டும். முழங்காலில், தொடையில் பந்து வாங்கும் வேலை அது. உன் அணியில் அதற்கு எத்தனை பேர்? ஒருவன் மட்டும் என்றால் அவன் இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடமும் நீ ஆபத்தில் இருக்கிறாய். பந்தைத் தள்ளி விடுகிறவன், நிறுத்துகிறவன், இவர்களுக்கும் இதே கேள்விதான். பதினாறு, பதினேழு, பதினெட்டாம் இடங்களை இந்த ஓட்டைகளை அடைக்கக் கொடு.

பச்சை அட்டையையும் எண்ணிக்கொள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், கோல் காவலரையும் சேர்த்துப் பத்துப் பேர் ஆட்டம்.

நீ எழுதிய அந்த இருவருக்கு வருகிறேன். முப்பது தாண்டிய நடுத்திடல் ஆட்டக்காரர். பள்ளிப் போட்டிகளில் கோல்களாகக் குவித்த பத்தொன்பது வயதுப் பையன். கிளப்பில் எல்லாருக்கும் பையன் மேல் ஆசை. எனக்கும் அவன் ஆட்டம் பிடிக்கும். ஆனாலும் அந்த மூத்தவரை எடு. கார்னருக்கு ஓட இரண்டாவது ஆள் உனக்கு அவர் ஒருவர்தான். முன்னிலையில் இருக்கும்போது பந்தை மட்டையில் வைத்து ஆட்டத்தை ஆறப்போடவும் அவருக்குத் தெரியும். பையனைப் பொறுத்தவரை இந்த வயதில் அவனுக்குத் தேவை ஆட்டம். உன் பெஞ்சிலிருந்து ஒரு தடவைக்கு நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் என்று இறங்கினால் தவறு செய்யப் பயந்து பந்தைப் பக்கத்தில் தட்டிவிடவே பழகுவான். இரண்டாம் நிலை அணியிலோ மாநில அணியிலோ முழு ஆட்டமும் ஆடட்டும். அடுத்த ஆண்டு அவன் உன் முதல் பதினோரு பேருக்கே போட்டியாக வருவான்.

இரண்டாவது கோல் காவலரை மறக்காதே. மற்றவர்களுக்காவது நிமிடங்கள் கிடைக்கும், அவனுக்குக் கிடைப்பது அரிது. இந்தியக் கோல் காவலர் ஸ்ரீஜேஷுக்குப் பின்னால் கிருஷண் பாதக் பல ஆண்டு நின்றார். ஆனால் இந்தியப் பயிற்சியாளர்கள் பல ஆட்டங்களில் இருவரையும் கால்பகுதிக்கு ஒருவராக மாற்றி நிறுத்தினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஸ்ரீஜேஷ் விலகியபோது பாதக்குக்கு அந்த வலை புதிதல்ல. எளிய ஆட்டங்களில் நீயும் அப்படிச் செய்.

சம்பள விஷயம். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஓர் அணிக்கு 24 பேர், கையில் 4 கோடி ரூபாய். ஹர்மன்பிரீத் சிங் ஒருவருக்கே 78 லட்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அவருக்கு அது தகும். ஆனால் மீதியை 23 பேருக்குப் பங்கிடும்போதுதான் அணி நிர்வாகியின் அறிவு தெரியும். உன் கிளப்பிலும் வெட்டு முதலில் கடைசி ஆட்கள்மேல்தான் விழும். விடாதே. நட்சத்திரத்தின் சம்பளத்தில் ஐந்நூறு வெள்ளி கூடினால் அவனுக்குத் தெரியாது. வேலை முடித்துப் பயிற்சிக்கு வருகிற பதினேழாம் ஆளுக்கு அது வீட்டு வாடகையில் ஒரு பங்கு.

பட்டியலை ஒட்டுவதற்கு முன் இருவரிடமும் தனித்தனியே பேசு. வாட்ஸ்அப்பில் சொல்லாதே. மூத்தவரிடம் எந்த வேலைக்காக எடுக்கிறாய், ஆட்டத்துக்குச் சுமாராக எத்தனை நிமிடம் தருவாய் என்று தெளிவாகச் சொல். பையனிடம் ஏன் இல்லை, எதைத் திருத்தினால் உண்டு என்று சொல். அவன் அப்பாவும் உடனிருந்தால் நல்லது. அழுதால் அழட்டும், எழுந்து போய்விடாதே.

லீக் தொடங்கியதும் முதல் இரண்டு ஆட்டத்தின் நிமிடக் கணக்கை எனக்கு அனுப்பு. கோல் கணக்கைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா