கரப்பானா, வேறு வியாதியா? ஊசி போடுமுன் பார்க்க வேண்டியவை



கரப்பான் என்று நம் ஜனங்கள் சொல்லுகிற எக்சிமா ஊருக்குப் புதிதல்ல. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் அரிப்போடு தோன்றும். பல வருஷம் கூடுவதும் தணிவதுமாக இருக்கும். ஆஸ்துமா உள்ள குடும்பங்களில் அதிகம். இது ஒட்டுவாரொட்டி அல்ல. கணவனுக்கு இருந்தால் மனைவிக்கு வராது. ஒரே பாயில் படுக்கலாம்.

களிம்புக்கு அடங்காத கடுமையான எக்சிமாவுக்கு இப்போது டூபிலுமாப் என்ற ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 2017-ல் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. உயிரணுக்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கும் புரதம் என்பதால் உயிரியல் மருந்து என்கிறார்கள். அரிப்பையும் அழற்சியையும் தூண்டும் இரண்டு சமிக்ஞைகளை இது தடுக்கிறது. பெரியவர்களுக்கு முதல் நாள் இரண்டு ஊசி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, தோலுக்கு அடியில் போடுவார்கள். ராத்திரி முழுக்கச் சொறிந்து ரத்தம் கண்டவர்கள் பலர் இதனால் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நல்ல மருந்துதான். சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். ஊசி போட்ட இடம் வீங்கும். வயிற்றில் புழு இருந்தால் முன்னதாகவே அதற்கு மருந்து சாப்பிட்டுவிட வேண்டும். புழுவை எதிர்க்கும் சக்தியும் அதே சமிக்ஞைகளை நம்பியே இருக்கிறது. வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர்கள் இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, வியாதியையே தப்பாகக் கணித்து ஊசி போடுவது.

எக்சிமா போலவே வேஷம் போடும் புற்றுநோய் ஒன்று உண்டு. ரத்த வெள்ளணுக்களில் டி வகை அணுக்கள் தோலில் தங்கிப் பெருகுவதால் வருவது. பெயர் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். பிரெஞ்சு டாக்டர் அலிபெர் 1806-ல் இதைக் கண்டு விவரித்தார். முற்றிய கட்டிகள் காளான் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். காளானுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அரிய நோய். ஆனால் மெள்ள நகருவதால் வருஷக்கணக்கில் எக்சிமா என்றே வைத்தியம் நடந்துவிடும்.

இவர்களுக்கு டூபிலுமாப் போட்டால், முதலில் அரிப்புக் குறைந்து நல்ல குணம் தெரிவது போலிருக்கலாம். பிறகு படை பரவி, தடித்து, சிலருக்குக் கட்டியாகவும் ஆகியிருக்கிறது. பல நாட்டுத் தோல் டாக்டர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊசியே புற்றை உண்டாக்கியதா, ஒளிந்திருந்ததை வெளியே கொண்டு வந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பல டாக்டர்கள் இரண்டாவது பக்கமே சாய்கிறார்கள். எதுவானாலும், ஊசி போட்டும் படை மோசமானால் அடுத்த ஊசிக்கு முன் தோலைக் காட்டியாக வேண்டும். எக்சிமாவுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் மாத்திரையும் இந்தப் புற்றை முடுக்கிவிடக் கூடியதே.

எப்படிச் சந்தேகப்படுவது? சின்ன வயசில் கரப்பானே இல்லாதவருக்கு நாற்பது, ஐம்பது வயசுக்கு மேல் புதிதாக வந்தால் யோசிக்க வேண்டும். இந்த நோய் வெயில் படாத இடங்களை விரும்பும்: பிட்டம், தொடை, இடுப்பு, மார்பகம். "அங்கெல்லாம் எப்படிங்க டாக்டர்கிட்டே காட்டறது?" என்று மறைத்தே காலம் போய்விடுகிறது. தன் முதுகும் பிட்டமும் தனக்குத் தெரியாது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்வதில் என்ன வெட்கம்? மாநிறத் தோலில் இது சிவப்பாகத் தெரியாமல், தேமல் போல வெளுத்த திட்டாகவும் வரும், இளவயசிலும் வரும். வெளுத்த திட்டில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்க்கும் சோதிக்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

நிச்சயம் செய்ய ஒரே வழி பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, பச்சைப்பயறு அளவு தோலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். "கத்தி வெச்சா புத்து பரவிடும்" என்று திண்ணையில் சொல்வதை நம்பாதீர்கள், பரவாது. ஒரு தடவையில் பிடிபடாமல் இரண்டு மூன்று தடவையும் எடுக்க நேரிடும். "மறுபடியும் வெட்டறாங்களே" என்று கோபித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். ஸ்டீராய்டு களிம்பு அடையாளத்தை மறைத்துவிடும் என்பதால், சோதனைக்கு முன் சில வாரம் நிறுத்தச் சொல்லலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தடவிய ட்யூப்புகளையெல்லாம் அட்டைப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் களிம்பும் புற ஊதா ஒளி சிகிச்சையுமே பலருக்குப் போதும். அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஆயுளோடு இருக்கிறார்கள்.

குழந்தை வேண்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்சிமாவுக்கும் இந்தப் புற்றுக்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது, சிசுவைப் பாதிக்கும். கணவன் சாப்பிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஆணுறையும் காப்பர்-டியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். டூபிலுமாப் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், தானாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் தொடரவும் வேண்டாம். அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.