நடுக்குவாதமும் புதிய சிகிச்சைகளும்: ஓர் ஆதரவாளரின் கடிதத்துக்குப் பதில்



நடுக்குவாதத்தால், அதாவது பார்க்கின்சன் நோயால், வெகுவாய்த் தளர்ந்துபோன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்காக ஜெபிக்கும்படி சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு சகோதரர் காசோலையும் கடிதமும் அனுப்பினார். "இது அவருடைய ஸ்டெம் செல் ஊசிக்கு. மீதித் தொகையைச் சபையில் சொல்லிச் சேர்த்துத் தருகிறேன். தாமதிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அந்தக் காணிக்கையை அவர் சொன்ன காரியத்துக்கு நாங்கள் செலவிடவில்லை. காரணத்தை அவருக்குத் தனியே எழுதிவிட்டோம். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்குமென்பதால் இந்த மாதப் பாடத்தை இதற்கென்றே எடுத்துக்கொள்ளுகிறோம்.

முதலாவது நோயைக் குறித்துச் சில வார்த்தைகள். 1817ஆம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் ஆறு நோயாளிகளைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. அவர்கள் நடையே அவருக்குப் போதுமானதாயிருந்தது. ஆயுர்வேத வைத்தியர்கள் கம்பவாதம் என்று சொல்லிவந்ததும் இதை ஒத்த நோயே. மூளையின் உட்பகுதியில் கருநிறமாயுள்ள ஒரு சிறு இடத்தின் நரம்புச் செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தபடி கைகால் அசைவதற்கு அது வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சங்கொஞ்சமாய் அழிந்துபோவதால் நடுக்கமும் விறைப்பும் மந்தமும் வருகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போதே அவற்றில் பெரும்பங்கு போயிருக்கும்.

நம் ஆசிரியருக்கு இது 14ஆம் வருஷம். லெவோடோபா மாத்திரை ஒன்றைப் போட்டால் அரைமணி நேரத்தில் எழுந்து உட்காருகிறார், பேசுகிறார், பழைய மாணவர்களின் பெயரைச் சொல்லுகிறார். சில வேளைகளில் மருந்து ஓங்கும்போது தலையும் தோளும் அவர் விருப்பமின்றி நெளிகின்றன. பிறகு விளக்கை அணைத்தாற்போல் எல்லாம் நின்றுவிடுகிறது. முகம் கல்லாகிறது, குரல் அடங்குகிறது, விழுங்குவதும் கஷ்டமாகிறது. நான் போகும்போதெல்லாம் அவருடைய மனைவி வாசலிலேயே சொல்லிவிடுவார்: "டாக்டரய்யா, இப்ப நல்லா இருக்காக. பேசணும்னா இப்பவே பேசிருங்க. ஒன்றரை மணி நேரந்தான்." ஒரு நாளில் இப்படி நல்ல நேரம் நாலைந்து மணிக்கு மேல் கிடைப்பதில்லை.

இந்த மாத்திரையின் சரித்திரத்தில் நம்முடைய சென்னைக்கும் பங்குண்டு. நம் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை அறிவீர்கள். காயைத் தொட்டால் சுணை அரித்து எடுத்துவிடும். அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, 1937இல் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அந்த வேலை நடந்தது. அப்போது அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகுமென்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. டோபமின் குறைவே காரணம் என்று வியன்னாவில் 1960இல் கண்டார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற வைத்தியர் டோபாவைக் கொஞ்சங்கொஞ்சமாய்க் கூட்டி வாய்வழியே கொடுத்தபோதுதான் எழுந்திராதவர்கள் எழுந்து நடந்தார்கள். சேப்பாக்கத்து விதைக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே 30 வருஷம். (பூனைக்காலிப் பொடியையே கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சீக்கிரமாய் வேலைசெய்தது உண்மையே. ஆனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் வைத்தியரிடம் சொல்லாமல் அதைச் சேர்த்தால் இரட்டிப்பு மருந்தாகிவிடும்.)

அறுவை சிகிச்சையும் நமக்குப் புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்ரமணியம், டாக்டர் டி.எஸ். கனகா முதலானோர் 1960களிலேயே மூளையில் துல்லியமாய் ஓரிடத்தைக் குறிவைத்து நடுக்கத்தைக் குறைத்தார்கள். இன்று செய்யப்படுவது, மூளையின் ஆழத்தில் மின்கம்பி வைத்து, மார்புத்தோலின் கீழ் பேட்டரி பொருத்துகிற முறை. பிரான்சில் 1987இல் பெனாபிட் என்பவர் தொடங்கியது. இப்போது இது சோதனை அல்ல, நிலைநிறுத்தப்பட்ட சிகிச்சை. பல லட்சம் ஆகும். செலவைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. மாத்திரைக்கு நன்றாய்க் கேட்கிற, ஞாபகம் தெளிவாயுள்ள நோயாளிக்கே இது பொருந்தும். நம் ஆசிரியரை மதுரையில் நரம்பியல் நிபுணரிடம் காட்டினோம். மறதி தொடங்கிவிட்டதாலும், மருந்து வேலைசெய்கிற வேளையிலும் அவர் விழுகிறதாலும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வழியும் அடைபட்ட பிறகுதான் அவருடைய மகன் ஒரு பெருநகரத்து நிலையத்தின் விளம்பரத்தைக் கொண்டுவந்தார். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாய்ப் போடுவார்களாம், மூன்று தடவை. தொகையைக் கேட்டு அந்த அம்மா ஊருக்கு வெளியேயுள்ள நிலத்தை விற்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார். எங்களுக்குக் காசோலை வந்ததும் அதே வாரத்தில்தான்.

செல்களை மூளையில் வைக்கிற ஆராய்ச்சி பொய்யல்ல. அமெரிக்காவில் 40 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. பாதிப்பேருக்குக் கருவின் நரம்புச் செல்களை மூளையில் வைத்தார்கள். மற்றப் பாதிப்பேருக்கு மண்டையோட்டில் துளை மாத்திரம் போட்டு, ஒன்றும் வைக்காமல் மூடினார்கள். யாருக்கு எது நடந்ததென்று நோயாளிக்கும் தெரியாது, பின்பு பரிசோதித்த வைத்தியருக்கும் தெரியாது. இதைக் கேட்டவுடன் கொடுமை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு வருஷத்துக்குப்பின், "இப்போது எப்படியிருக்கிறது?" என்று நோயாளிகளையே கேட்டபோது இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. செல் பெற்ற வயது குறைந்தவர்களுக்கு அசைவில் கொஞ்சம் முன்னேற்றமிருந்தது. வேறு சிலருக்கோ மாத்திரையை நிறுத்தினாலும் நிற்காத நெளிவு வந்துசேர்ந்தது. தங்களுக்குச் செல் வைக்கப்பட்டதென்று நம்பினவர்கள், வைக்கப்படாதிருந்தும், வாழ்வு மேலானதாய்ச் சொன்னார்கள்.

நடுக்குவாதத்தில் இது முக்கியம். வெறும் ஊசியாயிருந்தாலும், குணமாகுமென்ற எதிர்பார்ப்பே இந்நோயாளிகளின் மூளையில் டோபமினைச் சுரக்கப்பண்ணுகிறதென்று கனடாவில் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அதுவும் 2001இல்தான். ஆகவே ஊசி போட்ட மறுவாரம் ஒருவர் எழுந்து நடந்ததாய்ச் சாட்சி சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் நடந்திருப்பார். எத்தனை நாளைக்கு என்பதே கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தார் இல்லாதவரையில் அதற்குப் பதிலில்லை.

2025 ஏப்ரலில் ஜப்பானின் கியோட்டோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் புதிய முறையில் வளர்த்த செல்களைக் குறித்து இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் 7 பேர், மற்றதில் 12 பேர். செல்கள் பிழைத்திருக்கின்றன, பெரிய தீங்கில்லை, சிலருக்கு முன்னேற்றமும் உண்டு. நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனாலும் அவை மூளைக்குள் குறித்த இடத்தில் வைக்கப்பட்ட, டோபமின் சுரக்கும்படி பக்குவப்படுத்தப்பட்ட செல்கள். முதுகில் போடும் மஜ்ஜை ஊசிக்கும் அதற்கும் பெயர் ஒன்றாயிருக்கிறதே தவிர வேறொன்றும் ஒன்றாயில்லை.

மாற்கு 5ஆம் அதிகாரத்துப் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துக்கொள்ளுங்கள். 12 வருஷம் அநேக வைத்தியர்களிடம் போய், கையிலிருந்ததெல்லாம் செலவழித்து, முன்னிலும் மோசமானாள் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். லூக்காவும் இதே சம்பவத்தை எழுதுகிறார். செலவைச் சொல்லுகிறார், குணமாகவில்லை என்கிறார், மோசமானதை மாத்திரம் விட்டுவிடுகிறார். லூக்கா வைத்தியர் அல்லவா! எங்கள் தொழிலாருக்கு அந்த வாக்கியம் இன்றும் கசப்பானதுதான். ஆண்டவரோ இத்தனை இடம் ஏன் போனாய் என்று அவளைக் கேட்கவில்லை. நிலத்தை விற்க நினைத்த அம்மாவையும் நாங்கள் கடிந்துகொள்ளவில்லை.

அவரையும் மகனையும் உட்காரவைத்துப் பேசினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் வருஷத்து வழிமுறைகளின்படி, இரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பிரயோகங்கள் யாவும் ஆய்வுக்குள் மாத்திரமே நடக்கலாம். ஆய்வென்றால் அதைச் சிகிச்சையாக விலைக்கு விற்கக்கூடாது. ஆகவே, "இது ஆய்வா? ஆய்வானால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? தீங்கு வந்தால் யார் பொறுப்பு? ஆய்வானால் எங்களிடம் பணம் எதற்கு?" என்று எழுதிக் கேட்கும்படி மகனிடம் சொன்னோம். அவர் கேட்டார். பதிலாக, இந்த மாதத்துக்குள் வந்தால் தொகையில் தள்ளுபடி தருவதாகச் செய்தி வந்தது. நிலம் விற்கப்படவில்லை.

அந்தச் சகோதரர் எங்கள் விளக்கத்தைப் பெற்று, வேறு தேவைக்குச் செலவிடச் சம்மதித்தார். ஆறு மாத மாத்திரை வாங்கினோம். முன்பு காலை, மதியம், இரவு என்றிருந்ததை, சிறு அளவாக்கி இரண்டரை மணிக்கொருதரம் என்று நிபுணர் மாற்றினார். சாப்பாட்டுக்கு அரைமணிக்கு முன்பே கொடுக்கச் சொன்னோம். பருப்பும் மீனும் முட்டையும் மருந்தோடு போட்டிபோடும், ஆகவே அவற்றை இராச் சாப்பாட்டுக்குத் தள்ளியாயிற்று. வாந்திக்கு எங்கும் சாதாரணமாய்ப் போடுகிற மெட்டோகுளோப்ரமைட் ஊசி இந்நோயை மோசமாக்கும் என்று ஒரு அட்டையில் எழுதி, அவர் சட்டைப்பையில் வைத்தோம். வாரம் இரண்டு நாள் எங்கள் பிசியோதெரபி சகோதரி போய்வர ஆட்டோ வாடகையும் அந்தக் காணிக்கையிலிருந்துதான்.

அந்தச் சகோதரிதான் ஒன்றைக் கவனித்தார். வீட்டின் முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. வழுக்குமென்று பயந்து அங்கே அவரை நடக்கவிடாமல், பின்கட்டுச் சிமெண்டுத் தரையிலேயே நடத்திவந்தார்கள். சிமெண்டில் அவர் கால் ஒட்டினதுபோல் நின்றுவிடும். நிலைப்படி வந்தால் சொல்லவேண்டியதில்லை. பூக்கல்லிலோ, ஒவ்வொரு கல்லின் ஓரக்கோட்டையும் பார்த்துத் தாண்டித் தாண்டிப் போனார். தானாய் நடக்கிற வழி மூளையில் பழுதானாலும், கண்ணால் குறிபார்த்து அடிவைக்கிற வழி மீந்திருக்கிறது. இப்போது கழிப்பறைவரைக்கும் சிமெண்டில் அடிக்கொரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறோம், சுவரில் கைப்பிடியும் வைத்தாயிற்று. நல்ல நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி கூடியிருப்பதாக அம்மா கணக்குவைத்திருக்கிறார்.

நோய் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு நல்ல நேரத்தில் ஆசிரியர் என்னிடம், "எனக்குப் பின்னால வர்றவுகளுக்கு உதவும்னா, நெசமான ஆய்வு எதுலயாச்சும் என் பேரை எழுதிக்கங்க" என்றார். விசாரித்தோம். வயதும் மறதியும் காரணமாய் அவரைச் சேர்க்க முடியாதென்று பதில் வந்தது. அன்று முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை.

அவருக்காக ஜெபிக்கிற நீங்கள், ராத்திரி 2 மணிக்கும் மாத்திரைக்காக அலாரம் வைத்து எழும்புகிற அந்த அம்மாவுக்காகவும் ஜெபியுங்கள். காரைக்குடியிலோ பக்கத்து ஊர்களிலோ வாரத்தில் ஒரு ராத்திரி அவருக்குப் பதிலாய் விழித்திருக்கக்கூடிய சகோதரிகள் இருந்தால், எங்கள் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.