உறைவிந்தைக் காக்கும் தாவரப் பொருள்கள்

பசு பருவத்திற்கு வந்ததும் ‘சினை ஊசி’ போடுவதற்காகக் கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்வதைக் கிராமத்து மாணவர்கள் பார்த்திருப்பார்கள். பெயர்தான் ஊசி, நடப்பது செயற்கை முறைக் கருவூட்டல். வெண்புகை கிளம்பும் கலனிலிருந்து மருத்துவர் மெல்லிய குச்சி ஒன்றை எடுக்கிறார். அதனுள் கால் மில்லிலிட்டர் காளை விந்து, சுமார் 2 கோடி விந்தணுக்களுடன் உறைந்து கிடக்கிறது. கலனிலுள்ள திரவ நைட்ரஜனின் வெப்பநிலை −196 டிகிரி செல்சியஸ்!

குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் விந்தணுக்கள் மீண்டும் நீந்தத் தொடங்கும். ஆனால் ஏறத்தாழப் பாதி எழுந்திருப்பதே இல்லை. பசு சினை பிடிக்காவிட்டால் அடுத்த பருவம் வர 21 நாள்கள் ஆகும். அதுவரை தீவனச் செலவு மட்டும் நிற்காது. கன்றும் பாலும் தள்ளிப்போகும். ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பு அன்று.

விந்தணுக்கள் ஏன் இறக்கின்றன? முதற் பகை பனிப்படிகம். 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசராலைச் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையைத் தாங்கும் என்று கண்டனர். இன்றும் காளை உறைவிந்தில் பெரும்பாலும் கிளிசராலே சேர்க்கப்படுகிறது.

இரண்டாம் பகை நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான். நெடுநாள் வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வருகிறதல்லவா? எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து சிதைவதால் வருவது அது. விந்தணுவின் மேலுறையிலும் இவ்வகைக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. உறைந்து உருகும்போது, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் துகள்கள் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்று ஒரு கொழுப்பு மூலக்கூறைத் தாக்கினால், அது அடுத்ததைத் தாக்கும், அது அதற்கடுத்ததை. காய்ந்த ஓலை வேலியில் பற்றிய தீயைப்போல வினை பரவி, மேலுறை ஓட்டையாகிவிடும். மற்ற உயிரணுக்களிடம் இதைத் தணிக்கும் நொதிகள் நிறைய உண்டு. விந்தணுவோ தலையும் வாலுமாக இளைத்த உருவம். நொதிகளைச் சேர்த்துவைக்கச் சைட்டோபிளாசம் அதில் மிகக் குறைவு. எருமை விந்து இந்த வகையில் பசுவினத்தின் விந்தைவிட மென்மையானது.

இங்கேதான் தாவரங்கள் உதவுகின்றன. வெயிலில் நின்று ஒளிச்சேர்க்கை செய்யும் இலைக்கு ஆக்சிஜனின் தாக்குதல் அன்றாடத் தொல்லை. ஆகவே தற்காப்புப் பொருள்களை அது தானே தயாரித்துக்கொள்கிறது. தாவர எண்ணெய்களிலுள்ள வைட்டமின் ஈ அவற்றுள் ஒன்று. அது மேலுறைக் கொழுப்புக்குள்ளேயே புகுந்து, தன் ஹைட்ரஜன் அணு ஒன்றைக் கொடுத்துத் தொடர்வினையை அறுத்துவிடும். இதற்கு ‘டோகோஃபெரால்’ என்றும் பெயர்; ‘மகப்பேறு தருவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. 1922இல் எவான்ஸ், பிஷப் என்பவர்கள் இதை எலிகளின் கருவளர்ச்சிக்குத் தேவையான பொருளாகவே முதலில் அறிந்தார்கள்.

வைட்டமின் ஈ மட்டுமன்றி, பச்சைத் தேயிலை, ரோஸ்மேரி இலை, முருங்கை இலை ஆகியவற்றின் சாறுகளும், மஞ்சளின் குர்குமினும் கால்நடை விந்தில் கலந்து ஆராயப்பட்டுள்ளன. உரிய அளவில் சேர்த்தபோது, உருகிய பின் நீந்தும் விந்தணுக்களின் எண்ணிக்கை பல ஆய்வுகளில் கூடியது.

உரிய அளவு என்பதுதான் சிக்கல். அளவு மிஞ்சினால் அதே சாறு விந்தணுவைக் கொல்லும். மேலும், முட்டையை அடையும் தகுதி பெற விந்தணுவுக்கே சிறிதளவு ஆக்சிஜன் துகள்கள் தேவை. எல்லாவற்றையும் துடைத்துவிடவும் கூடாது. இலைச்சாறோ மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறக்கூடியது. ஆகவே சாறாகச் சேர்ப்பதைவிட, அதிலுள்ள பொருளைப் பிரித்தெடுத்து, அளந்து சேர்ப்பதே நம்பத்தக்க வழி என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் சுறுசுறுப்பாக நீந்தும் விந்தணு எல்லாம் கருவைத் தந்துவிடாது. புதிய கலவை ஒன்று பயன்பட்டதா என்பதை, நிறைய பசுக்களுக்குக் கருவூட்டி, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மருத்துவர் சினைப் பரிசோதனை செய்யும்போதுதான் அறிய முடியும்.