பழைய கணினிக்குப் பழைய இயங்குதளம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

முன்னுரை

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்" என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். வரவுக்கு மீறிச் செலவு செய்பவரைக் கண்டு சொன்ன சொல் இது. ஆனால் இச்சொல் கணினிக்கும் பொருந்தும் என்பதைக் கடந்த ஓராண்டுப் பட்டறிவில் நான் உணர்ந்தேன். பொறியின் வலிமைக்கு ஏற்ற இயங்குதளத்தை நிறுவினால், பரணில் கிடக்கும் கணினியும் ஒரு மாணவரின் படிப்பைத் தாங்கும். வலிமைக்கு மீறியதை ஏற்றினால் நல்ல பொறியும் நொண்டும். இவ்வுண்மையை விளக்குவதும், பழைய இயங்குதளம் ஒன்றை நிறுவும் முறையைப் படிப்படியாகக் கூறுவதும், அதிலுள்ள ஆபத்தை மறைக்காமல் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்குதளம் என்றால் என்ன?

பிற துறை நண்பர்களுக்காக இதை முதலில் விளக்கிவிடுகிறேன். எங்கள் பாகூர்ப் பகுதியைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிறைந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று முறை வைத்துப் பங்கிட ஓர் ஆள் வேண்டும். கணினியில் அந்த ஆளின் வேலையைச் செய்வதே இயங்குதளம். நினைவகம், செயலி, வட்டு, விசைப்பலகை, திரை ஆகியவற்றை, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே.

பங்கிடும் ஆளே பாதித் தண்ணீரை எடுத்துக்கொண்டால் வயலுக்கு என்ன மிஞ்சும்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 64 எம்பி. 2009-இல் வந்த விண்டோஸ் 7, அதன் 32 பிட் வடிவத்துக்கு 1 ஜிபி கேட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10, 64 பிட் வடிவத்துக்கு 2 ஜிபி கேட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. இருபது ஆண்டுகளில் இத்தேவை 64 மடங்கு பெருகிவிட்டது. அதிலும், குறைந்தபட்சம் என்பது உயிர் வாழப் போதுமான அளவே தவிர, உழைக்கப் போதுமான அளவன்று.

என்னிடம் வந்த மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கடலூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த என் பெரியம்மா மகளுக்கு மறு ஆண்டில் ஒன்று கிடைத்தது. எங்கள் பகுதியில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு, மறுபடி ஒரு வரப்பைத் தாண்டினால் புதுச்சேரி. ஆகவே உறவுகளும் பொருள்களும் எல்லை பாராமல் வந்து போகும். அக்காள் திருமணமாகிச் சென்றபின், நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அந்தப் பொறி என்னிடம் வந்தது.

அதில் நினைவகம் 2 ஜிபி. வட்டு 320 ஜிபி. மின்கலம் செத்துவிட்டிருந்தது. அரசு கொடுத்தபோது அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று, விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர் பதிப்பு. மற்றொன்று, சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய லினக்ஸ். பின்னாளில் ஏதோ ஒரு கடையில் இரண்டையும் நீக்கிவிட்டு, 64 பிட் விண்டோஸ் 10-ஐ ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பொத்தானை அழுத்திவிட்டு, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துத் தம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும், திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவர் என்னைத் தவிர யாரும் இல்லை. புதிய மடிக்கணினி ஒன்றின் விலை, அப்பாவின் பல மாதக் கூலி. ஆய்வகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும். அதற்குமேல் தங்கினால் ஊருக்குப் பேருந்து இல்லை. எனவே, இந்தப் பொறி ஓடுவதும் ஓடாததும் எனக்குச் செய்முறைத் தேர்வில் தேறுவதா இல்லையா என்னும் கேள்வியாகவே இருந்தது.

பழையது ஏன் தேவைப்பட்டது?

முதற்காரணம் நினைவகம். இரண்டாவது காரணம் எங்கள் பாடம். சி மொழிச் செய்முறைக்கு நாங்கள் பயன்படுத்துவது டர்போ சி++. போர்லாண்ட் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட மென்பொருள் அது. 16 பிட் காலத்தைச் சேர்ந்தது. 32 பிட் விண்டோஸ், 16 பிட் நிரல்களை ஓட்டும் ஏற்பாட்டைத் தன்னுள் கொண்டிருந்தது. 64 பிட் விண்டோஸில் அவ்வேற்பாடு இல்லை. அதில் டர்போ சி++ ஓட வேண்டுமானால், டாஸ்பாக்ஸ் என்னும் இன்னொரு மென்பொருளின் உதவி வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் பொறிக்கு அது மேலும் ஒரு சுமை. பழைய 32 பிட் இயங்குதளம் இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும்.

நிறுவும் முறை

இனி, நான் கைக்கொண்ட முறையைப் படிப்படியாகக் காண்போம்.

1. உள்ளதைக் காப்பாற்றுதல். நிறுவும்போது வட்டிலுள்ளவை அழியும். அக்காளின் சான்றிதழ்ப் படங்களும், மறைந்துபோன எங்கள் ஆயாவின் புகைப்படங்களும் அதில்தான் இருந்தன. அவற்றை முதலில் இரண்டு பென் டிரைவ்களில் தனித்தனியே படியெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஒரே படியை நம்புவது ஒற்றைக் கயிற்றில் கிணற்றில் இறங்குவது போன்றது.

2. உரிமம். மடிக்கணினியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் உரிமக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அது எந்தப் பதிப்புக்கு உரியதோ அதே பதிப்பின் நிறுவு வட்டு வேண்டும். ஸ்டார்ட்டருக்குரிய குறியீடு மற்றப் பதிப்புகளுக்கு உதவாது. பூட்டுடைத்த திருட்டுப் படிகள் எளிதில் கிடைக்கும். அவற்றுடன் வைரஸும் இலவசமாகக் கிடைக்கும். எனவே அவற்றைத் தொடாதிருத்தல் நலம்.

3. டிரைவர்களைச் சேகரித்தல். வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும் சிறு நிரல்களே டிரைவர்கள். பழைய இயங்குதளம் நிறுவியவுடன் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். வைஃபை இல்லாமல் அதன் டிரைவரைத் தேடவும் முடியாது. ஆகவே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே அவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

4. பென் டிரைவை ஆயத்தப்படுத்துதல். வட்டிலுள்ள கோப்புகளைச் சும்மா படியெடுத்தால் போதாது. பயாஸ் வகைக் கணினி விழித்தவுடன், வட்டின் முதல் 512 பைட்டுகளையே படிக்கிறது. அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டுப் பகுதிகளின் பட்டியலுக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் உரியவை. இம்முதற்பக்கத்தை முறையாக எழுதித் தரும் ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டே பென் டிரைவைத் தயாரிக்க வேண்டும்.

5. மின்சாரம். மின்கலம் செத்த மடிக்கணினியில், பாதி வேலையில் மின்சாரம் நின்றால் எல்லாம் வீண். இன்வெர்ட்டர் உள்ள பக்கத்து வீட்டில் கேட்டு, அங்கே வைத்துத்தான் வேலையைத் தொடங்கினேன்.

6. பென் டிரைவிலிருந்து தொடங்குதல். பொத்தானை அழுத்தியவுடன் எஃப்2, எஃப்12 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பயாஸ் அமைப்பு திறக்கும். விசை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். அங்கே, முதலில் பென் டிரைவைப் பார்க்குமாறு வரிசையை மாற்ற வேண்டும்.

7. வட்டைப் பிரித்தல். வட்டின்மேல் 320 என்று எழுதியிருக்க, திரையில் 298 என்றே தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1000-இன் பெருக்கமாகவும், விண்டோஸ் 1024-இன் பெருக்கமாகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. நான் 60 ஜிபியை விண்டோஸுக்கு ஒதுக்கி, மீதியை லினக்ஸுக்கும் பாடக் கோப்புகளுக்கும் விட்டுவைத்தேன். மேற்சொன்ன 64 பைட்டுப் பட்டியலில் ஒரு பகுதிக்கு 16 பைட்டுகள் ஆவதால், முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் அமையா. விண்டோஸ் 7 தனக்கென 100 எம்பி அளவில் ஒரு சிறு பகுதியையும் எடுத்துக்கொள்ளும். இக்கணக்கை மனத்தில் கொண்டு பிரிக்க வேண்டும்.

8. விண்டோஸ் முன், லினக்ஸ் பின். விண்டோஸ் நிறுவப்படும்போது வட்டின் முதற்பக்கத்தைத் தன் விருப்பப்படி எழுதிவிடும்; பிறருக்கு இடம் வைக்காது. லினக்ஸின் குரப் என்னும் தொடக்க நிரலோ, ஏற்கெனவே இருப்பவரையும் பட்டியலில் சேர்த்துக் காட்டும். ஆகவே லினக்ஸை இரண்டாவதாக நிறுவுவதே முறை. பாஸ் லினக்ஸுக்கே அடிப்படையான டெபியனை, எக்ஸ்எஃப்சிஇ என்னும் எடை குறைந்த முகப்புடன் நான் நிறுவினேன்.

பெற்ற பயன்

கணினி இப்போது விரைவில் விழித்துக்கொள்கிறது. ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற இயலாது. அதனால் படிப்புக்குக் குறைவொன்றும் இல்லை. டர்போ சி++ சாளரத்துக்குள் ஓடுகிறது. முழுத்திரையைக் கேட்கும் வரைகலை நிரல்கள் மட்டும் விண்டோஸ் 7-இல் ஓடுவதில்லை. அவற்றுக்கு டாஸ்பாக்ஸ்தான் வழி.

எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. தொடர்பெருக்கம் காணும் நிரலை எழுதி இரண்டு பக்கமும் ஓட்டினேன். 7-இன் தொடர்பெருக்கம் 5040; இரண்டிலும் ஒரே விடை. 8-இன் தொடர்பெருக்கம் 40320. லினக்ஸில் ஜிசிசி சரியாகச் சொன்னது. டர்போ சி++ காட்டியதோ மைனஸ் 25216! நிரல் ஒன்றே, விடை இரண்டு. காரணம், டர்போவில் முழு எண்ணுக்கு 2 பைட்டுகள். 32767-க்கு மேல் அதில் இடமில்லை. 40320-இலிருந்து 65536-ஐக் கழித்தால் அந்த மைனஸ் எண் கிடைக்கும். ஜிசிசியில் முழு எண்ணுக்கு 4 பைட்டுகள். அதற்கும் எல்லை உண்டு. 13-இன் தொடர்பெருக்கம் 6227020800; அது காட்டுவதோ 1932053504. இங்கே மைனஸ் குறிகூட இல்லாததால் பார்ப்பவர் சரியென்றே நம்பிவிடுவர். புதியது பிழை செய்யாது என்பதன்று. அதன் பிழை சற்றுத் தொலைவில் நிற்கிறது, அவ்வளவே. பாடநூலில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போனதை, பழையதும் புதியதும் அருகருகே இருந்ததால் கண்ணால் கண்டு உணர்ந்தேன்.

எச்சரிக்கை

பழைய இயங்குதளம் தாழ்ப்பாள் இல்லாத வீடு போன்றது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் மைக்ரோசாப்ட் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவான ஆதரவு முடிந்தது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை, திருத்தம் போடாத விண்டோஸ் கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவும் அதில் தவித்தன.

ஆகவே நான் ஒரு நெறி வகுத்துக்கொண்டேன். விண்டோஸ் 7 பக்கம் இணையத்தைக் காணாது. அது டர்போ சி++ செய்முறைக்கு மட்டுமே. இணையம், மின்னஞ்சல், உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவை யாவும், திருத்தங்கள் தொடர்ந்து வரும் லினக்ஸ் பக்கமே. வீட்டு வங்கிக் கணக்கைப் பழைய பக்கத்தில் திறக்கவே கூடாது.

புதிய கணினி வைத்திருப்போர் இதைக் கண்டு பழையதை அதில் ஏற்ற முனைய வேண்டாம். விண்டோஸ் 7-இன் நிறுவு வட்டில் யுஎஸ்பி 3.0-க்குரிய டிரைவர்கள் இல்லை. பாதி வழியில் சுட்டியும் விசைப்பலகையும் செயலற்று நிற்கும். அவர்களுக்கு ஏற்றது, புதிய இயங்குதளத்தின் உள்ளேயே பழையதை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மென்பொருளாகும்.

முடிவுரை

பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். பொறியின் வலிமை என்ன, செய்ய வேண்டிய பணி என்ன, திறந்து கிடக்கும் கதவு எது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின் முடிவு செய்தலே அறிவியல் முறையாகும்.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் ஊர்களில், அக்காள்களும் அண்ணன்களும் படித்து முடித்துப் பரணில் போட்ட மடிக்கணினிகள் இன்னும் இருக்கின்றன. அதே ஊர்களிலிருந்து, வீட்டில் கணினியின்றிக் கல்லூரிக்கு வரும் மாணவர்களும் இருக்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பென் டிரைவும், ஓர் அரைநாளும், பொறுமையும் போதும். அப்படி ஒரு பொறியைக் கொண்டுவரும் நண்பர்களுக்கு, செய்முறை வகுப்பு இல்லாத பிற்பகல்களில் உடனிருந்து உதவ நான் அணியமாக உள்ளேன். ஆசிரியப் பெருமக்கள் இசைந்து ஆய்வகத்தில் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால், அடுத்த ஆண்டு முதலாமாண்டில் சேரும் சிலருக்கேனும் கடைசிப் பேருந்துக்குப் பின்னும் படிப்பு தொடரும்.