வெள்ளி நிறமா, சாம்பல் நிறமா?

கேள்வி: புது வீட்டுக் கூடத்துக்கு வெள்ளி நிறத்தில் கார்ப்பெட் வாங்க ஆசை. சாம்பல் நிறம் போதும் என்கிறார் கணவர். எதை வாங்கலாம்?
– வாசகி, சிறுவாச்சூர்

பதில்: இந்த முறை நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் வட்டாரம் உங்களுடையது. மழை நாளில் செருப்போடு ஒட்டி வரும் அந்தக் கறுப்பு மண் வெளிர் விரிப்பில் பட்டால் அழுக்கு பளிச்சென்று தெரியும். மதுரகாளியம்மன் நடை திறக்கும் திங்கள், வெள்ளிகளில் உறவுக்கூட்டம் வந்திறங்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம்!

கடை விளக்கில் வெள்ளியாய் மின்னுபவற்றில் விஸ்கோஸ் இழையும் உண்டு. தண்ணீர் பட்டால் அது நைந்து, பழுப்பேறும். லேபிளைப் படியுங்கள். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளத்தில் அடர்சாம்பல் கோடு போட்டதைத் தேடுவேன். பருத்தி நூலாகக் கேட்டு வாங்கினால், உதறலாம், அலசலாம், மொட்டைமாடியில் காயப்போடலாம். டைல்ஸ் தரையில் வழுக்காதிருக்க அடியில் ரப்பர் வலை அவசியம். வாசலுக்குத் தென்னை நார் மிதியடி. அதற்கு என்ன நிறமானால் என்ன?